84 நாள்

ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் என்பது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, இரண்டு பீரோ, பஞ்சிங் மெஷின், சுவரில் காலண்டர். 1993 முதல் 2020 வரை ஆம்பூர் பக்கம் அப்படி ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன். சேர்ந்தபோது ஊர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. ஓய்வு பெற்றபோது திருப்பத்தூர் மாவட்டம். நாற்காலியை ஒரு அங்குலம் நகர்த்தாமல் மூன்று மாவட்டத்தில் வேலை பார்த்தவன் நான்.

வேலை என்ன என்று கேட்டால், நாள் எண்ணுவது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு அரை நாள், யாருக்கு லாஸ் ஆஃப் பே. மாதக் கடைசியில் அந்த எண்ணிக்கை சம்பளமாகும், பிஎஃப் ஆகும், ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு ஆகும். ஆள் முகம் மறந்தாலும் டோக்கன் நம்பர் மறக்காது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

2019 ஜனவரி 7 முதல் ஸ்கைவிங் பிரிவில் ஒரு டோக்கன் வரவில்லை. ஸ்கைவிங் என்றால் தைப்பதற்கு முன்னால் தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவுவது. சுற்றும் பிளேடுக்குள் தோலைத் தள்ளும் வேலை, கை நடுங்கக் கூடாது. அந்த அக்கா பத்து வருஷமாக அந்த மெஷினில் இருந்தவர். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனால் மொத்த ஃப்ளோரும் அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அக்காதான்.

பத்து நாள் தகவல் இல்லை. அதிகாரி சொன்னார், நான் கடிதம் தட்டச்சு செய்தேன். 'முன் அனுமதியின்றித் தொடர்ந்து பணிக்கு வராத காரணத்தால், இக்கடிதம் கண்ட 3 நாட்களுக்குள் ஆஜராகி விளக்கம் தராவிட்டால் தாங்களாகவே வேலையை விட்டதாகக் கருதப்படும்.' வருஷத்துக்கு முப்பது, நாற்பது பேருக்குப் போகும் கடிதம்தான். பெயரும் தேதியும் மட்டும் மாறும். கீழே மூலையில் தட்டச்சு செய்தவரின் எழுத்து என்று என் இனிஷியல் இருக்கும்.

நான்காம் நாள் அக்காவின் மகள் வந்தாள். கையில் கடிதம், இன்னொரு கையில் வேலூர் ஆஸ்பத்திரிக் கோப்பு. மார்பில் கட்டி, பயாப்சி, ஆபரேஷன், எல்லாம் பத்து நாளுக்குள் நடந்து முடிந்திருந்தது. "அம்மா சொல்லச் சொல்லிச்சி சார். வேலைய வுட்டுட்டதா நெனச்சிக்க வேணாம்னு."

எனக்குத் தெரிந்த உதவி ஒன்று இருந்தது, அதைச் சரியாகவே செய்தேன். பிஎஃப் விதி 68 ஜே. காசநோய், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், மனநோய், இதயக் கோளாறு என்று பெயர் சொல்லியே எழுதியிருந்த விதி அது. ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது பிஎஃப்பில் தொழிலாளியின் பங்கு, எது குறைவோ அதை அன்று முன்பணமாக எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம். படிவம் 31 போட்டோம், பணம் வந்தது. அந்தப் பணம் வட்டிக்காரரிடம் போனது. அது வேறு கதை.

பிறகுதான் தப்பு செய்தேன். "மாசாமாசம் எதுனா வர்ற மாதிரி வழி கீதா சார்?" என்று மகள் கேட்டாள். பெரிய நோய், கை தூக்க முடியவில்லை, வேலைக்கு வர முடியாது. அப்படியென்றால் ஊனமுற்றோர் உதவித்தொகைதானே என்று என் மூளை போயிற்று. முதலில் மாற்றுத்திறனாளிச் சான்று வாங்குங்கள், அது கையில் இருந்தால் எல்லாம் தன்னால் நடக்கும் என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. டைம் ஆபீஸ்காரன் வாயிலிருந்து வந்தால் தொழிலாளிக்கு அது சட்டம்.

அப்போது மாவட்டத் தலைநகரம் வேலூர். கலெக்டர் ஆபீஸ் சத்துவாச்சாரியில். ஆம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் பஸ். ஒருமுறை போட்டோ இல்லை, ஒருமுறை ரேஷன் கார்டு நகல் இல்லை, ஒருமுறை கீமோ போட்ட மூன்றாம் நாள் என்பதால் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் வாந்தி எடுத்து இறங்கித் திரும்பிவிட்டார்கள். நான்காம் முறை, பிப்ரவரி கடைசியில், நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். தலையில் முக்காடு போட்டபடி அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் கால் இல்லாதவர்கள், கண் தெரியாதவர்கள். "இன்னா சார், இவங்க நடுவுல நான் குந்திக்கீறது அவங்க எடத்தப் புடிச்சிக்கினா மாரி கீது" என்றார்.

டாக்டர் சின்ன வயசு. கோப்பு முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார். நோய்க்குச் சான்று தருவதில்லை, நோய் போன பிறகு நிலையாக என்ன குறை மிஞ்சுகிறதோ அதற்குத்தான் சான்று. சிகிச்சை முடியட்டும், அப்புறம் கை எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். அவர் பேச்சில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவ்வளவு நேரம் நான் படிக்காமல் விட்டதை அவர் இரண்டு நிமிஷத்தில் படித்துக் காட்டினார், அவ்வளவுதான்.

வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்ததை 21 ஆக்கினார்கள். பார்வை, செவி, கை கால், மனநோய், ஆட்டிசம், பார்க்கின்சன்ஸ், ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்கள் வரை உண்டு. புற்றுநோய் இல்லை. ரத்தக் கோளாறு மூன்று இருக்கிறது: தலசீமியா, ஹீமோஃபிலியா, சிக்கிள் செல். ரத்தப் புற்றுநோய் இல்லை. எங்கள் வாட்ச்மேன் மகனுக்கு அதுதான். அவர் அந்தப் பட்டியலை என் மேசைமேல் விரலை வைத்து வரிவரியாகத் தேடியது ஞாபகம் இருக்கிறது. பட்டியலில் இருந்தாலும் நாற்பது சதவீதம் தாண்டினால்தான் பெரும்பாலான சலுகைக்குக் கதவு திறக்கும்.

ஆனால் அதே பட்டியலில் புற்றுநோய் வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது. எங்களுக்குத் தோல் வரும் தொழிற்சாலையில் டிரம்மில் வேலை பார்த்த பாய் ஒருவர். தொண்டையில் புற்றுநோய், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் வெள்ளைத் துணி. அவருக்குச் சான்று கிடைத்தது. காரணம், பேச்சுக் குறைபாடு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே குரல்வளை அகற்றம் என்று எழுதியிருக்கிறது. எலும்பில் புற்றுநோய் வந்து காலை எடுத்தால் கை கால் குறைபாட்டில் வந்துவிடும். கத்தி எங்கே வெட்டியது என்பதுதான் கேள்வி. மார்பை வெட்டினால் பட்டியலில் அதற்கு வரி இல்லை. அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் கேட் பக்கம் மகள் வந்தாலே உள்ளே ஸ்டோருக்குப் போய்விட்டேன்.

கண்ணைத் திறந்துவிட்டவர் ஒரு பழைய யூனியன்காரர். ஓய்வு பெற்று டீக்கடை பெஞ்சையே அலுவலகமாக்கிக்கொண்டவர். கதையைக் கேட்டுவிட்டு டீயைக் கீழே வைத்தார். "யோவ், மாசாமாசம் ஈஎஸ்ஐ புடிக்கிறவன் நீதானே? ஊனச் சீட்டுக்கு ஏன்யா ஓடினே? மொதல்ல சிக்னஸ்ல போட வேணாமா? அந்த லீவுக்கு முன்னாடி எத்தன நாள் எண்ணிக்கிட்ட?"

நாள். இருபத்தாறு வருஷமாக நான் எண்ணியது.

ஆபீசுக்குத் திரும்பி மஸ்டரை, அதாவது வருகைப் பதிவேட்டை, எடுத்தேன். ஈஎஸ்ஐ கணக்கு விசித்திரமானது. நான் சொல்வது 2019 கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் சந்தா காலம். அதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அந்தச் சந்தா காலத்தில் 78 நாளாவது சம்பளம் பெற்றிருக்க வேண்டும். ஜனவரியில் படுக்கையில் விழுந்தவருக்கு, ஜனவரியில் என்ன நோய் என்பதைவிட, போன மே மாதம் வேலைக்கு வந்தாரா என்பது முக்கியம். 2018 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அக்காவுக்கு நிறைய ஆப்சென்ட். மகளின் பிரசவம், மாமியார் சாவு, நடுவில் ஆர்டர் இல்லாமல் ஃப்ளோரே காலியாகக் கிடந்த நாட்கள். பென்சிலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினேன். எண்பதைத் தாண்டும்வரை மூச்சு விடவில்லை. 84. நம்பாமல் மறுபடி எண்ணினேன். 84 தான்.

ஆறு நாள்தான் மிச்சம். பிறகு இதே கணக்கில் 71 நாள் வந்த ஒரு பையனைப் பார்த்தேன், லாஸ்டிங் பிரிவு. அவனுக்கு வைத்தியம் கிடைத்தது, வீட்டில் இருந்த மாதங்களுக்கு ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. ஊரில் கெங்கையம்மன் திருவிழாவுக்கு வாரக் கணக்கில் நின்றதை எண்ணிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொருவர் கதை இன்னும் கசப்பு. லைன் மேஸ்திரி. 2018 ஏப்ரலில் சம்பளம் 20,600லிருந்து 21,400 ஆனது. ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார், நானும் தின்றேன். ஈஎஸ்ஐ வரம்பு 21,000. அந்த 800 ரூபாயில் அவர் வெளியே போய்விட்டார். அடுத்த வருஷம் குடலில் கட்டி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அன்று குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். இவர் அதற்கு மேலே. இரண்டு கூரைக்கும் நடுவில் மழையில் நின்றார். பூர்வீக நிலத்தை விற்றார்.

அக்காவுக்கு வருகிறேன். மகளைக் கூட்டிக்கொண்டு ஈஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரிக் கோப்பைப் பார்த்து மருத்துவர் சான்று எழுதினார், பிப்ரவரி 27 தேதியிட்டு. முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள், பணம் இல்லை. மார்ச் 1 முதல் கணக்கு. சராசரி தினக்கூலி 350 என்றால் அதில் 70 சதவீதம், 245 ரூபாய். இப்படி 91 நாள். அது தீர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியாத கதவு ஒன்று திறந்தது: நீட்டித்த நோய்ப் பலன். 34 நீண்டகால நோய்களின் பட்டியல் அதற்கு உண்டு, புற்றுநோய் அதில் இருக்கிறது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு சந்தா காலங்களில் 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். 80 சதவீதம், அதாவது 280 ரூபாய். முதலில் 124 நாள், பிறகு மருத்துவக் குழு பார்த்து நீட்டிக்கலாம். அக்காவுக்கு நீட்டித்தார்கள். ரேடியேஷன் முடியும்வரை வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பணத்தில்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்தச் சான்றுக்குள் இருந்தது. அன்றைய ஈஎஸ்ஐ சட்டம் பிரிவு 73. முறையாகச் சான்று பெற்ற நோயில் இருப்பவரை நிர்வாகம் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. ஜனவரி 7ஆம் தேதியே சான்று வாங்கியிருந்தால் நான் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்யவே வேண்டியிருந்திருக்காது.

சரி, போன நாட்களுக்கு என்ன வழி? பழைய தேதிக்குச் சான்று வராது என்று நானே முடிவு செய்து, நானே மகளிடம் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஈஎஸ்ஐ விதிப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒழுங்குமுறை 53 கண்ணில் பட்டது. காரணம் நியாயமாக இருந்தால் வேறு மருத்துவமனைச் சான்றையும் ஆதாரமாக ஏற்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டு எங்கள் கையிலேயே இருந்தது. ஒரு மனு, ஒரு தபால்தலை. ஜனவரி 9 முதல் பிப்ரவரி 28 வரை 51 நாள், நாளுக்கு 245. 12,495 ரூபாய். நாள் எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவன் தொலைத்த தொகை அது.

நடுவில் வேலூருக்கு ஒருமுறை துணைக்குப் போனேன். சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருக்களில் கடைப் பலகைகள் வங்காளத்தில் இருக்கும், ஹோட்டலில் மீன்குழம்பே வேறு வாசனை. எங்கள் பெஞ்சில் கொல்கத்தா குடும்பம் ஒன்று. புற்றுநோயாளி சிகிச்சைக்கு ரயிலில் வந்தால் தூங்கும் வசதிப் பெட்டியில் முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு. அந்தச் சலுகையில்தான் காட்பாடி வரை வந்திருந்தார்கள். ரயில்வேக்கு நோயின் பெயர் போதும். ஊனச் சான்றுக்குப் பெயர் போதாது. ஈஎஸ்ஐக்குப் பெயரோடு நாளும் வேண்டும். ஒரே கட்டி, மேசைக்கு மேசை வேறு கேள்வி. அக்கா அந்தப் பெண்ணிடம் பாஷை தெரியாமலே முக்காடு கட்டும் விதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நவம்பரில் வேலைக்குத் திரும்பினார். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்ததால் வலது கை வீங்கியிருந்தது, முழங்கை வரை இறுக்கமான உறை. அந்தக் கையில் சின்ன வெட்டுக்கூடப் படக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸ்கைவிங் பிளேடு முன்னால் எப்படி உட்கார வைப்பது? அரசு நிறுவனமாக இருந்தால் 2016 சட்டத்தின் பிரிவு 20 உண்டு: பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் ஷூ கம்பெனியை அது கட்டாது. கெஞ்சத்தான் வேண்டும்.

அதிகாரியிடம் போனேன். பேக்கிங்கில் லேஸ் கோர்ப்பது, உள்ளே டிஷ்யூ காகிதம் திணிப்பது, இந்த வேலை கேட்டேன். அவர் இழுத்தார். எனக்கு வேகம் வந்து மேரி வர்கீஸ் கதையைச் சொன்னேன். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர், பாகாயத்தில் மறுவாழ்வு மையத்துக்கு வழி செய்தவர். நம்ம வேலூரில் நடந்தது சார் என்றேன். அவர் கேட்டுவிட்டு, "அவங்க டாக்டர். இது ஸ்கைவிங் ஆபரேட்டர்" என்றார். அன்று முழுக்க எனக்குப் பேச்சே வரவில்லை. ஆனால் மறுநாள் பேக்கிங் மேசைக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மனிதர்களை ஒரே வாக்கியத்தில் எடை போடக் கூடாது போலிருக்கிறது. இன்சென்டிவ் மட்டும் போயிற்று, பேக்கிங்குக்கு அது கிடையாது.

பிஎஃப் பென்ஷனில் இன்னொரு வழி இருந்தது. நிரந்தரமாக, முழுமையாக இயலாமல் போனால் ஒரு மாதச் சந்தா கட்டியவருக்கும் ஊன ஓய்வூதியம் உண்டு. குறைந்தது 1,000 ரூபாய். பார்த்துவந்த அந்த வேலையைச் செய்ய முடியாது என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். ஸ்கைவிங் முடியாதுதானே, கேட்டுப் பார்க்கலாமா என்று இந்த முறை எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் சொன்னேன். அக்கா வெகுநேரம் கேட்டார். "அப்ப முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு ஊட்ல குந்திக்கணும். அதான சார்?" ஆமாம் என்றேன். "ஆயிர ரூவாய்க்கு நான் முடியாதவளா ஆவணுமா?" அந்தப் படிவம் என் பீரோவிலேயே கிடந்தது.

கைக்கு மறுபடி ஊனச் சான்று கேட்டுப் போனதும் உண்டு, 2020 பிப்ரவரியில். அளந்து பார்த்து 25 சதவீதம் என்றார்கள். நாற்பதுக்குப் பதினைந்து குறைவு. இந்த முறை நான் எதுவும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை என்பதால் இருவரும் திரும்பும்போது பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினோம்.

ஓய்வு பெற்ற பிறகும் திண்ணைக்குக் கோப்போடு ஆள் வருகிறது. பயாப்சி ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள், சம்பளம் எவ்வளவு, டிஸ்பென்சரிக்குப் போனீர்களா என்று கேட்கிறேன். இரக்கமில்லாத ஆள் என்று சிலர் நினைப்பது முகத்தில் தெரியும்.

போன பொங்கலுக்கு அக்கா வந்திருந்தார். இன்னும் பேக்கிங்தான். மனசில் கிடந்ததைச் சொல்லிவிடலாம் என்று 12,495 கணக்கை நாள் நாளாக எடுத்துச் சொன்னேன். ஒழுங்குமுறை எண் உட்பட. அவர் கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"அத்த வுடு சார். நீ அனுப்பிச்ச லெட்டரு இன்னும் எங்கிட்ட கீது."

எந்தக் கடிதம் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அது எதுக்கு அக்கா?"

"பின்னாடிப் பக்கம் காலியா இருந்திச்சி. கீமோ தேதியெல்லாம் அதுலதான் எழுதி வச்சினு இருந்தேன்."